கான் யாருடையது என்று தெரிந்துகொண்டு வாக்குக் கேளுங்கள்

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அடுத்த பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டப் பட்டியலில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கும் போலிருக்கிறதாம். குப்பை, கழிவுத்தண்ணீர் ஓடும் கான், தொடர்மாடி, பிள்ளைகளின் முதலாம் தர அனுமதி என்று எங்கள் பகுதிப் பிரச்சினைகளையே முன்வைத்துப் பிரசாரம் செய்ய நினைக்கிறார். ஆனால் கூட இருப்பவர்களே, "இதெல்லாம் மாநகர சபை உறுப்பினர் பேசுற கதை, எம்.பி. ஆகப் போறவர் அரசியல் தீர்வையும் பொருளாதாரத்தையும் பேச வேணும்" என்று தடுக்கிறார்களாம். யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

1994 தேர்தலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போனதில் தொடங்கி, இந்தப் பகுதியில் பல வேட்பாளர்களுக்குப் பின்னால் நடந்தவன் நான். வென்றவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஊர்ப் பிரச்சினையைத்தான் பேச வேண்டும் தம்பி. ஆனால் "கானைச் சுத்தம் செய்து தருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கான் யாருடையது, அது ஏன் அடைபட்டுக் கிடக்கிறது, பாராளுமன்றத்தில் இருக்கும் ஒருவர் அதற்காக எந்தக் கதவைத் தட்டலாம் என்று மூன்றையும் தெரிந்துகொண்டு போய்ப் பேசுங்கள். கூட இருப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மற்றப் பாதியை அவர்கள் யோசிக்கவில்லை.

சனம் ஏன் எம்.பி. வேட்பாளரிடம் கானைப் பற்றிக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014ல். அதன் காலம் 2019ல் முடிந்தது, அதன் பிறகு மாகாண சபைத் தேர்தலே இல்லை. கொழும்பு மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, வைக்கவிருந்த தேர்தலும் தள்ளிப்போய் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. அதாவது 2024 நவம்பர் 14ல் நாங்கள் பாராளுமன்றத் தேர்தலுக்கு வாக்குப் போடும்போது, எங்கள் தெருவுக்கென்று மக்கள் தெரிவு செய்த ஆள் கீழே ஒருவரும் இல்லை. மாநகர சபையை அதிகாரிகள் நடத்தினார்கள், மாகாணத்தை ஆளுநர் நடத்தினார். அப்படியிருக்க, வாசலுக்கு வந்து கும்பிட்டு நின்ற ஒரேயொரு மனிதரிடம் சனம் எல்லாவற்றையும் கேட்டது. அதில் என்ன பிழை? இப்போது மாநகர சபைக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பழக்கம் போய்விடவில்லை, போகவும் போவதில்லை.

அந்த 2024 பிரசாரத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். புளூமெண்டல் பக்கத்தில் ஒரு முடுக்கு, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அகலம். முதல் நாள் இரவு மழை. நாங்கள் போய் நின்றதும் ஓர் அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அலவாங்கு ஒன்றைக் கொண்டுவந்து, வாசலில் இருந்த கொன்கிரீட் மூடியை நெம்பித் தூக்கிக் காட்டினார். உள்ளே தண்ணீர் ஓடவில்லை. மேலே எண்ணெய்ப் படை, பொலித்தீன், ஒரு பிள்ளையின் செருப்பு. வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு இருந்தது, அதற்கு மேலே பழைய கோடு இன்னொன்று. வேட்பாளர் குனிந்து பார்த்துவிட்டு, "நான் வந்ததும் முதல் வேலை இதுதான் அக்கா" என்றார். அக்கா மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, "போன முறை வந்தவரும் இதைத்தான் சொன்னவர், ஆனால் இந்தக் கான் எங்க போய் விழுதெண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த முடுக்கில் இருந்த எல்லா வாக்கும் அந்த இடத்திலேயே போய்விட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது.

அந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. தெருவோரக் கான் மாநகர சபையுடையது. அது போய் விழும் பெரிய வாய்க்கால்களைப் பார்ப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், அது மத்திய அரசாங்கத்தினுடையது. குழாய்த் தண்ணீர் என்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. காலி வீதி மாதிரிப் பெரிய வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. 2010 நவம்பரில் கொழும்பு மூழ்கி, பாராளுமன்றத்தைச் சுற்றியும் வெள்ளம் நின்றது நினைவிருக்கும். அதற்குப் பிறகு 2012ல் உலக வங்கிக் கடன் 213 மில்லியன் டொலரில் ஒரு பெரிய திட்டம் வந்தது, வாய்க்கால்களை ஆழப்படுத்துவதும் முகத்துவாரம் பக்கம் தண்ணீரைக் கடலுக்குத் திருப்புவதும் அதில் அடக்கம். இவ்வளவு பெரிய பணம் எங்கள் பகுதியில் எந்த இடத்தில் இறங்கியது, எந்த இடத்தில் இறங்கவில்லை என்று பாராளுமன்றத்தில் அமைச்சரிடமே கேட்கும் உரிமை எம்.பி.க்குத்தான் இருக்கிறது. மாநகர சபை உறுப்பினர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஓர் அமைச்சரை எழுப்பி நிறுத்திப் பதில் சொல்ல வைக்க முடியாது.

குப்பைக் கதையும் இதேதான், இதைவிடக் கொடுமையானது. எங்கள் வட கொழும்புக்காரருக்கு அந்த மலை ஞாபகம் இருக்கும். புளூமெண்டலில் நகரத்தின் குப்பை முழுவதும் வருஷக்கணக்காகக் குவிந்தது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவைத்துத்தான் சாப்பிடுவார்கள், அவ்வளவு இலையான். உச்ச நீதிமன்றம் வரை போய் 2009ல் அந்த இடம் மூடப்பட்டது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் குப்பை எங்கே போனது? மீதொட்டமுல்லைக்குப் போனது. அது கொலன்னாவைப் பக்கம், கொழும்பு மாநகர எல்லைக்கு வெளியே. அங்கிருந்த சனத்துக்கு எங்கள் மாநகர சபைத் தேர்தலில் வாக்கே இல்லை. தங்கள் வீட்டுக்குப் பின்னால் குப்பை கொட்டுகிறவர்களை வாக்கால் தண்டிக்க அவர்களுக்கு வழியே இருக்கவில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டன்று, அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 உடல்கள் எடுக்கப்பட்டன. அதன் பிறகு குப்பை கெரவலப்பிட்டிக்கும் புத்தளம் அருவாக்காட்டுக்கும் என்று அலைந்தது, 2021ல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் திறந்தார்கள்.

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு தெருவின் குப்பை ஒரு மாநகர சபையிலிருந்து இன்னொரு பிரதேசத்துக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு, இன்னொரு மாகாணத்துக்கே போகிறது. இதை "மாநகர சபை உறுப்பினரின் வேலை" என்று யாராவது சொன்னால், அவரை மீதொட்டமுல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். குப்பை லொறி செவ்வாய்க்கிழமை வரவில்லை என்பது மாநகர சபைக் கதை, சரி. அந்த லொறி கடைசியில் யாருடைய வீட்டுக்குப் பின்னால் போய்க் கொட்டப் போகிறது என்பது பாராளுமன்றக் கதை.

அப்புறம் தொடர்மாடி. இதில் எங்கள் ஆட்களுக்கு நேரே படும் வலி நிறைய இருக்கிறது. 2001ல் பொரளையில் எழுந்த சஹஸ்புர ஒரு தொடக்கம், ஆனால் பெரிய அளவில் ஆட்களை எழுப்பிக் கொண்டுபோனது 2010க்குப் பிறகுதான், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்த காலத்தில். வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறக்குறைய 68,000 குடும்பங்கள் இருப்பதாகக் கணக்கெடுத்து, அவர்களைப் பன்னிரண்டு மாடி, பதினான்கு மாடிக் கட்டடங்களுக்கு ஏற்றினார்கள். தோட்டம் என்று நாங்கள் சொல்லும் பழைய நெருக்கமான குடியிருப்பில் வாசலில் இடியப்பம் அவித்து விற்றவர், ஆட்டோவை வீட்டோடு நிறுத்தித் தொழில் செய்தவர், எல்லாரும் ஏறக்குறைய 400 சதுர அடிக்குள். எட்டாம் மாடியில் யாரும் இடியப்பம் வாங்க வரமாட்டார்கள். லிஃப்ட் பழுதானால் ஒரு நோயாளியைக் கதிரையோடு தூக்கி இறக்க வேண்டும். வீட்டு உறுதிப் பத்திரம் எப்போது கையில் கிடைக்கும், மாதாமாதம் கட்டும் காசில் எவ்வளவு கழிந்தது, பொது இடத்துப் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு பதில்.

ஒரு பாட்டி என் கையில் ஒரு கடிதத்தைத் தந்து வாசிக்கச் சொன்னார். முழுவதும் சிங்களம். நிலுவைக் காசைப் பற்றிய அறிவித்தல், ஒரு திகதிக்குள் வந்து பேசாவிட்டால் நடவடிக்கை என்று இருந்தது. திகதி முடிந்து மூன்று கிழமை. அவர் அதை மின்சாரக் கட்டணப் பத்திரங்களோடு சேர்த்து பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார், நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைத்து. 1987ல் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி ஆனது, 1988ல் 16ஆம் திருத்தம் தமிழில் கடிதம் எழுதவும் பதில் பெறவும் உரிமை தந்தது. கொழும்பில் ஒரு பாட்டிக்குத் தமிழில் கடிதம் வராதது சட்டமில்லாததால் இல்லை. சட்டத்தை எடுத்துவைத்து விடாமல் கேட்கிற ஆள் இல்லாததால். இப்போது சொல்லுங்கள், இது ஊர்ப் பிரச்சினையா, இனப் பிரச்சினையா? இந்தக் கோட்டைப் போடவே முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரை பஸ்ஸில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்களே, அது கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்காரரின் உள்ளூர்ப் பிரச்சினையா? மறுநாளே உச்ச நீதிமன்றம் தடுத்தது, ஏனென்றால் வழக்குப் போட ஆள் இருந்தது, சத்தம் போட எம்.பி. இருந்தார். உங்களுடைய ஆட்கள் "அரசியல் தீர்வைப் பேசு" என்கிறார்கள் என்றால், இந்தப் பாட்டியின் கடிதத்திலிருந்து அதைப் பேசத் தொடங்குங்கள். சனத்துக்கும் விளங்கும்.

பாராளுமன்றத்தில் இதற்கெல்லாம் என்ன வழி இருக்கிறது என்பதையும் மேடையில் சொல்லுங்கள், ஒருவரும் சொல்வதில்லை. அமைச்சரிடம் வாய்மூலக் கேள்வி கேட்கலாம், பதில் ஹன்சாட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டில் பதிவாகும், பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்களைக் கோப் என்ற பாராளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரிக்கலாம். மாநகர சபையின் கணக்குகளைக் கோபா என்ற பொதுக் கணக்குக் குழு பார்க்கும். பொதுமனுக் குழு என்று ஒன்று இருக்கிறது, அரச அலுவலகம் ஒன்றால் அநியாயம் நடந்த ஒரு சாதாரண மனிதரின் மனுவை எம்.பி. ஒருவர் மூலம்தான் அங்கே கொடுக்க முடியும். அந்தப் பாட்டியின் பிஸ்கட் டின் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் எல்லா அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள், கான் உங்களுடையதா எங்களுடையதா என்று ஒருவர் மேல் ஒருவர் சாட்ட முடியாத இடம்.

வாக்காளர் பதிவைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். வாடகைக்கு இருக்கும் எங்கள் குடும்பங்களில் எத்தனையோ பேர், வீட்டுக்காரர் விருப்பப்படவில்லை என்பதற்காகப் பெயரைப் பதியாமல் விட்டிருக்கிறார்கள். தங்கள் பெயர் ஊரிலேயே இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தையோ ஹற்றனையோ சொல்வார்கள். பதிவு பார்ப்பது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை, வீடு யாருடையது என்பதையல்ல. இதில் போவது ஒரு வாக்கு மட்டும் இல்லை. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க, கிட்ட இருப்பவர் என்ற வகையில் விண்ணப்பித்தால், கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் தாய் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். பிள்ளை பிறந்த வருஷமே பதிந்திருக்க வேண்டியதை, நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அன்று ஜீ.எஸ்.ஸிடம், அதாவது கிராம சேவகரிடம், ஓடினால் என்ன செய்வது? என் சொந்த மருமகளுக்கே இது நடந்தது. பாடசாலைச் சுவர் அவர்கள் ஜன்னலுக்கு எதிரே, பிள்ளை இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறது. இன்றைக்கே இருபது இளைஞர்களைச் சேர்த்து, ஜீ.எஸ். படிவம் கொடுக்கும் காலத்தில் மாடி மாடியாக ஏறி இதைச் செய்யுங்கள். நீங்கள் வேட்பாளர் ஆகாவிட்டாலும் இது வீண்போகாது.

இனி எண்ணிக்கை. கொழும்பு மாவட்டத்தில் 15 தேர்தல் தொகுதிகள், 17 இலட்சத்துக்கு மேல் வாக்காளர், 2024ல் 18 ஆசனம். முந்தி, 1977 வரைக்கும், மத்திய கொழும்பு மூன்று உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு மூன்று வாக்கு, விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம். சிறுபான்மையினர் ஒருவரைத் தெரிவு செய்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது. இப்போது மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. கட்சிக்குப் புள்ளடி, பிறகு அந்தக் கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களுக்கு மூன்று மனாப்பே, அதாவது விருப்பு வாக்கு. பட்டியலில் ஆசனத்தை விட மூன்று பேர் கூட, அதாவது 21 பேர். உங்கள் முதல் போட்டி உங்கள் கட்சிக்காரரோடுதான். 2024ல் தேசிய மக்கள் சக்தி 14 ஆசனம் எடுத்தது, அதன் வேட்பாளர் ஹரிணி அமரசூரியவுக்கு மட்டும் 6,55,289 விருப்பு வாக்கு. ஐக்கிய மக்கள் சக்திக்கு நாலே நாலு ஆசனம், நாலாவது ஆளே நாற்பதாயிரத்தைத் தாண்டியவர். ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலில் 2020ல் வென்ற தமிழ் அரசியல்வாதி மனோ கணேசன் இந்த முறை கொழும்பில் வெல்லாமல், பிறகு தேசியப் பட்டியலால் போனார்.

தமிழ் வாக்கு கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம், மட்டக்குளி, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, அவிசாவளைப் பக்கத்து றப்பர் தோட்டங்கள் என்று சிதறிக் கிடக்கிறது. வத்தளையும் ஹெந்தளையும் பக்கத்தில்தான், ஆனால் அது கம்பஹா மாவட்டம், அங்கே உங்கள் இலக்கத்துக்கு ஒரு வாக்கும் வராது, வீணாக நோட்டீஸ் அடிக்காதீர்கள். ஆக, தமிழர் வாக்கை மட்டும் நம்பி நாற்பதாயிரம் எடுப்பது கஷ்டம். பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாவின் இரண்டாவது மனாப்பேயும், எதிர் வீட்டு சிங்கள அக்காவின் மூன்றாவது மனாப்பேயும் வேண்டும். அவர்களிடம் போய் எதைப் பேசிக் கேட்கப் போகிறீர்கள்? அடைபட்ட கானையும் ஏறாத லிஃப்டையும்தான். அந்தத் தண்ணீர் மூன்று வீட்டுக்குள்ளேயும் வருகிறது. ஊர்ப் பிரச்சினையை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இது.

மனாப்பே போடும் முறையையும் பொக்கட் மீட்டிங் என்ற சின்னக் கூட்டங்களில் மாதிரிச் சீட்டு வைத்துக் காட்டுங்கள். கட்சிச் சின்னத்துக்குப் போட்டுவிட்டு இலக்கத்தை விட்டுவிட்டேன் என்று வந்து சொன்ன வயதானவர்கள் நிறையப் பேர்.

சட்டத்தில் ஓரிரண்டு விஷயம். தேர்தல் நெருங்கும்போது சொந்தக் காசில் கான் வெட்டிக் கொடுப்பது, உலருணவுப் பொதி கொடுப்பது எல்லாம் இலஞ்சம் என்று முறைப்பாடாகும், தேர்தல் மனுவில் ஆசனமே போகலாம். 2023ன் தேர்தல் செலவுச் சட்டப்படி ஒவ்வொரு வேட்பாளருக்கும் செலவு எல்லை உண்டு, முடிவு வந்து 21 நாளைக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் பகுதியில் மூன்றே மூன்று பிரச்சினையை எடுங்கள், பத்து வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 2016ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: இந்தக் கானின் படம் எங்கே, கடைசியாக எப்போது துப்புரவாக்கினீர்கள், அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும், தராவிட்டால் மேன்முறையீடு இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், பதிலும் தமிழில் கேளுங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முடுக்குக்குப் போங்கள். புளூமெண்டல் அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார், கான் எங்கே போய் விழுகிறது என்று அவரிடம் முதலில் சொல்லுங்கள். விண்ணப்பத்தை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.